தாடலை

'வேல்முருகன்க்கு வணக்கம்.' அப்பா பெயரில் இருக்கும் கணக்குக்கு எங்கள் தளம் அனுப்பிய செய்தி, அம்மாவின் போனுக்கு வந்தது. நிரல் எழுதியவன் நான். ஜாவாஸ்கிரிப்டில் 'பெயர்' என்ற மாறிக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு 'க்கு வணக்கம்' என்ற சரத்தை ஒட்டியிருந்தேன். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்த அம்மா கேட்டாள்: "பக்கத்துல பக்கத்துல நிக்குதே தவிர, சேரலையேடா?"

உண்மைதான். சரம் என்று வந்துவிட்டால் கூட்டல் குறிக்கு அடுத்தடுத்து வைக்கத்தான் தெரியும். 1 என்ற எண்ணையும் '1' என்ற சரத்தையும் கொடுத்தால் 2 வராது, '11' வரும். 2015இல் பேக்டிக் குறிக்குள்ளேயே மாறியை எழுதும் வசதி வந்தது. உள்ளே நடப்பது அதே ஒட்டுதான். ஒட்டியபின் எது எங்கே முடிந்தது என்று அந்தச் சரத்துக்கே தெரியாது. அதனால்தான் தரவுத்தளத்துக்குப் போகும் எஸ்கியூஎல் வரியில் பயனர் தட்டியதை ஒட்டக் கூடாது; அது கட்டளையாகவே மாறிவிடலாம். கேள்விக்குறி போட்டு இடம் விட்டு, மதிப்பைத் தனியே அனுப்புவோம். இரண்டும் கடைசிவரை கலக்காது.

உயிர் இறைவனோடு சேர்வதை நினைத்தாலும் எனக்கு இந்த இரண்டு வழிதான் தெரிந்தது. எல்லை அழிந்து, நான் என்று ஒருவன் இல்லாமலே போவது. அல்லது என்றைக்கும் தள்ளி நிற்பது. இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை.

இதைச் சொன்னதும் அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்: தாள் + தலை = தாடலை. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில் முத்திக்குச் சொன்ன உவமை. தாள் இறைவன் திருவடி, தலை நம்முடையது. சேரும்போது ளகரம் கெடுகிறது, தகரம் டகரமாகத் திரிகிறது. சொல் ஒன்றுதான். பிரித்தால் தாளும் இருக்கிறது, தலையும் இருக்கிறது. இதைவிட நேர்மையாக யாரும் அந்தச் சேர்க்கையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒன்றுதான் உறுத்தியது. "தலை திரியறது சரிம்மா. அவன் மாறாதவனாச்சே, தாள் ஏன் ளகரத்தை விடணும்?"

"அருள்னா இறங்கி வர்றதுதானேடா."

அன்று இரவு நிரலைத் திருத்த உட்கார்ந்தேன். வேல்முருகனுக்கு, உமாவுக்கு. வள்ளியம்மாள் வந்தபோது ளகரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, உகரம் சேர்த்தேன்.