கோராத உரிமை

மனிதனுக்கு உரிமை எங்கிருந்து பிறக்கிறது என்ற வினாவிற்கு, ஈசுவரனிடமிருந்து என்பர் சிலர். அரசு வகுத்த சட்டத்திலிருந்து என்பர் சிலர். மனிதனாய்ப் பிறந்த க்ஷணத்திலேயே அவனோடு உடன்பிறந்தது என்பர் வேறு சிலர். ஆயினும், உரிமை என்று ஒன்று இருந்தால் அதைக் கேட்டு நிற்பவன் ஒருவனும் இருந்தாக வேண்டும் என்பதை இம்மூவருமே ஆராயாது ஒப்புக்கொள்கின்றனர். பழனி மலைச் சாரல்களில் நெடுங்காலமாய் வாழ்ந்துவரும் பளியரின் சரித்திரத்தை நினைக்குந்தோறும், இவ்வொப்புதல் சரிதானா என்ற ஐயம் எனக்கு வலுக்கிறது.

வள்ளிக்கிழங்கு அகழ்ந்தும் மலைத்தேன் எடுத்தும் வாழ்ந்த அம்மக்களிடையே 1960-களில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியல் அறிஞர் பீட்டர் கார்ட்னர் கண்டெழுதியவை வியப்பிற்குரியவை. ஒருவர்மீது ஒருவர் அதிகாரம் செலுத்துவது அவர்களிடம் இழுக்கு. குழந்தையேயாயினும் அதன் மதிப்பைத் தாழ்த்தலாகாது. சச்சரவு மூளுமானால் எதிர்த்து நில்லாமல் அவ்விடத்தை விட்டே அகன்றுவிடுதல் அவர்களுடைய ஆசாரம். 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்த மனித கௌரவத்தை, சாசனம் ஏதுமின்றியே ஒரு சிறு கூட்டத்தார் தம் நித்திய வாழ்க்கையில் அனுஷ்டித்து வந்தனர்.

இங்கிலாந்தின் 1215-ஆம் ஆண்டு மகாசாசனத்தைப் புகழாதார் இல்லை. இரண்டாண்டு கழித்து 1217-இல் பிறந்த வனசாசனத்தை அறிந்தவர் சிலரே. எனக்கோ அதுவே பெரிதாகப் படுகிறது. அரசனுடைய காட்டில் கால்நடை மேய்க்கச் சுதந்திரக் குடிகளுக்கிருந்த வழக்கத்தை உறுதிசெய்து, மானைக் கொன்ற குற்றத்திற்காக ஒருவனுடைய உயிரையோ அங்கத்தையோ பறிக்கலாகாது என்று அது விதித்தது. அந்தச் சாசனத்தின் வாரிசுகளே இங்கு 1882-இல் சென்னை வனச் சட்டத்தை இயற்றினார்கள்.

அச்சட்டப்படி ஒரு காட்டை ரிசர்வ் காடாக்குமுன் விளம்பரம் வரும். உரிமையுள்ளோர் குறித்த மாதங்களுக்குள் அதிகாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது நேரில் தோன்றிச் சொல்ல வேண்டும். கோரப்படாத உரிமை அழிந்துபோம். நியாயமான ஏற்பாடு போலவே தோன்றும். ஆனால், வழக்காடி நிற்பதை விடுத்து விலகிச் செல்வதையே தர்மமாகக் கொண்டவன் எந்தக் கச்சேரியின் வாயிலில் வந்து நிற்பான்? எந்த நற்பண்பினால் அயலான் அவனிடத்தில் அச்சமின்றி வாழ்ந்தானோ, அப்பண்பே சட்டத்தின் கண்ணுக்கு அவனுக்கு உரிமையே இல்லை என்பதற்குச் சாட்சியாகிவிடும் என்பதை எண்ணுகையில் மனம் பதைக்கிறது.

ஆகவே உரிமையானது கேட்பவனுடைய குரலில் பிறப்பதற்கு முன்பே மற்றவனுடைய கடமையில் உறைகிறது என்று துணிகிறேன். கேட்டுப் போராடியிராவிடில் 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கதவுகள் ஒடுக்கப்பட்டோருக்குத் திறந்திருக்குமா என்று ஆட்சேபிக்கலாம். திறந்திரா. அந்த ஆலயப் பிரவேசத்தை முன்னின்று நடத்திய வைத்தியநாதய்யரும் அவரோடு உள்ளே சென்றவர்களும் காட்டிய துணிவு வணங்கத்தக்கது. எனினும் அத்துணிவு, என்றும் இருந்த உரிமையை மறித்த தடையை நீக்கிற்றேயன்றி, இல்லாத உரிமையொன்றைப் புதிதாய்ப் படைத்ததன்று.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டுவாசிகளுக்குச் சரித்திர ரீதியாக இழைக்கப்பட்ட அநீதியைத் தன் முகப்புரையிலேயே ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டிலோ நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையினால் பட்டா வழங்குவது பல்லாண்டு தடைப்பட்டு, 2016-இல்தான் வழி பிறந்தது. அச்சட்டத்தின்கீழ் 2008-இல் வெளியான விதிகளில் நான் போற்றுவது ஒன்றுண்டு: மூத்தோர் வாய்மொழியை எழுதிக்கொண்டால் அதுவும் சாட்சியம், இடுகாடும் வழிபாட்டிடமும் சாட்சியம். ஆயினும் மனு இன்றுவரை தேவைப்படுகிறது. ஆதலின் கொடைக்கானலில் மேஜையருகே அமர்ந்து அம்மனுவுக்காகக் காத்திராமல், பளியர் குடியிருப்புகளுக்கு நடந்து சென்று, பெரியவர்கள் காட்டும் இடங்களைக் கண்டு, அவர்கள் சொல்லுவதை அவர்களுடைய நிதானத்திற்கு இசைந்து எழுதிக்கொள்வது அரசு ஊழியரின் கடமையாகும்.