பழக்கமும் பாசாங்கும்

நல்லவனாக இல்லாதவன் நல்லவன்போல் நடந்துகொள்வது பயிற்சியா, பாசாங்கா? ஒழுக்கத்தைக் கற்பிக்க முடியும் என்று நம்புகிற எவரும் இந்தப் பிரச்னையைச் சந்தித்தே ஆகவேண்டும். இஸ்லாமியச் சிந்தனையில் இதன் இரு பக்கங்களையும் பார்த்தவர் இமாம் கஸ்ஸாலி (1058–1111).

அரபியில் உருவத்துக்கு 'கல்க்', குணத்துக்கு 'குலுக்', வேர் ஒன்றே. எந்த மனநிலையிலிருந்து செயல் யோசனையின்றி, சிரமமின்றிப் பிறக்கிறதோ அதுவே குணம் என்கிறார் கஸ்ஸாலி, 'இஹ்யா உலூமித்தீன்' நூலில். மனத்தோடு மல்லுக்கட்டிக் கொடுப்பவன் இன்னும் கொடையாளி ஆகிவிடவில்லை. தவிர, கொடைக்குணம் உள்ளவன் கையில் காசில்லாமல் கொடாதிருக்கலாம். கஞ்சன் பெயருக்காகக் கொடுக்கலாம். செயல் குணத்துக்குச் சாட்சி அல்ல.

ஆனால் குணத்தை முயன்று அடைய அவர் காட்டும் முக்கிய வழியும் செயல்தான். அழகாக எழுத விரும்புகிறவன் முதலில் தேர்ந்தவனின் எழுத்தைப் பார்த்துச் சிரமப்பட்டு எழுதுகிறான். நாளடைவில் அது அவன் கையின் ஸ்வபாவமாகிவிடுகிறது. குணமும் அப்படித்தான். அரிஸ்டாட்டிலிடமிருந்து மிஸ்கவைஹ் (மறைவு 1030) போன்றோர் வழியாக வந்த எண்ணம் இது.

இங்கேதான் சிக்கல். அதே நூலின் அதே பகுதியில் அவர் 'ரியா'வை, பிறர் காணச் செய்யும் நன்மையை, வன்மையாகக் கண்டிக்கிறார். ஆனால் வெளிப்பார்வைக்குப் பயிற்சியும் ரியாவும் ஒன்றுதான். இருவரும் தம்மிடம் இல்லாத குணத்தையே செய்து காட்டுகிறார்கள். வித்தியாசம் உத்தேசத்தில் மட்டும். பள்ளிக்கூடத்தின் கண்ணுக்கு உத்தேசம் தெரியாது, செயல்தான் தெரியும். அதற்கு மதிப்பெண் தரத் தொடங்கியதும் மாணவன் மதிப்பெண்ணுக்காக நல்லவனாகப் பழகுகிறான். அந்தப் பழக்கமும் ஸ்வபாவமாகிவிடும் என்பதுதான் பயங்கரம்.

ஆசிரியரும் தப்புவதில்லை. 1091-ல் பாக்தாத் நிஸாமிய்யாவில் கஸ்ஸாலி பேராசிரியரானார். 1095-ல் பாடம் சொல்ல நாக்கு எழவில்லை. தாம் கற்பித்தது புகழுக்காகவே என்று கண்டு பதவியை விட்டு வெளியேறியதை அவரே எழுதியிருக்கிறார். 1106-ல் நிஷாப்பூரில் மீண்டும் கற்பிக்க வந்தார். ஆகவே கல்வியே வீண் என்பது அவர் முடிவல்ல.

தன் குறையை அறிய அவர் சொல்லும் வழிகள் நான்கு: குரு, உண்மையான நண்பன், பகைவனின் நாக்கு, மக்களோடு பழகி அவர்களிடம் காணும் குறையைத் தன்னிடம் தேடுவது. முகத்துக்கு நேரே புகழும் நண்பனைவிட ஏசுகிற பகைவனே பயன்படுவான் என்கிறார். நல்லொழுக்கத்துக்குப் பரிசளிப்பு விழா நடத்துகிறவர்கள், இந்தப் பட்டியலில் பாராட்டு ஏன் இல்லை என்று யோசித்துப் பார்க்கலாம்.