அறங்காவலர் எதைக் காக்கிறார்?

1991-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு பிஷப், தம் திருச்சபையின் பணத்தை நிர்வகிப்பவர்கள் மீதே வழக்காடினார். ஆக்ஸ்ஃபோர்டு பிஷப் ரிச்சர்டு ஹாரிஸ் அவர். இங்கிலாந்துத் திருச்சபையின் முதலீடுகளைக் கவனிக்கும் சர்ச் கமிஷனர்கள், வருமானம் குறைந்தாலும் பரவாயில்லை, கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாத இடங்களில் பணம் போடக் கூடாது என்பது அவர் வாதம். நிறவெறி ஆட்சியிலிருந்த தென்னாப்பிரிக்கா அவர் மனத்தில் இருந்தது. தோற்றார். குருமார்களின் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அந்தப் பணம் துணை நிற்கிறது. ஆகவே பொதுவாக நல்ல வருமானம் தேடுவதே நிர்வாகிகளின் கடமை என்றது தீர்ப்பு. அறக்கட்டளையின் நோக்கத்தோடு நேராக மோதும் முதலீட்டுக்கு விலக்கு உண்டு.

தமிழில் டிரஸ்டிக்கு அறங்காவலர் என்று பெயர். காவல் பணத்துக்கா, அறத்துக்கா? பெயரிலேயே விடை இருக்கிறது. சட்டத்தில் அவ்வளவு எளிதாக இல்லை. பருவநிலை மாற்றம் பற்றி வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் என்ன கணக்குக் காட்ட வேண்டும் என்று பத்தாண்டுகளாக எழுதப்பட்டும் அழிக்கப்பட்டும் வரும் விதிகள், இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன.

2015 செப்டம்பர் 29 அன்று லண்டன் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் இங்கிலாந்து மத்திய வங்கியின் அன்றைய கவர்னர் மார்க் கார்னி பேசினார். நாணயக் கொள்கை வகுப்பவர்கள் இரண்டு மூன்று ஆண்டு தூரம் பார்க்கிறார்கள். நிதி நிலைத்தன்மையைக் காப்பவர்கள் பத்தாண்டு வரை பார்க்கலாம். பருவநிலையின் பெருங்கேடோ அதற்கும் அப்பால் நிற்கிறது, அது கண்ணில் படும் நாளில் காலம் கடந்திருக்கும் என்று எச்சரித்தார். இந்த ஆபத்தை நிறுவனங்கள் எப்படி வெளிப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைக்க, அந்த டிசம்பரிலேயே தொழிலதிபர் மைக்கேல் புளூம்பெர்க் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2017-இல் அது தந்த பரிந்துரைகளை அடித்தளமாகக் கொண்டு, ஐஎஸ்எஸ்பி என்ற சர்வதேச வாரியம் 2023 ஜூனில் எஸ்2 என்ற விதியை வெளியிட்டது. வெள்ளம், புயல், வெப்பம், கார்பன் வரி இவற்றால் உன் வரவுக்கு என்ன ஆபத்து, முதலீட்டாளருக்குச் சொல் என்கிறது அது.

நியாயமான கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி. உலகம் வங்கிக்கு என்ன செய்யும் என்று கேட்கிறது. வங்கி உலகத்துக்கு என்ன செய்தது என்பது அதன் கவலை அல்ல. வங்கியிடம் கடன் வாங்கிய நிறுவனங்கள் வெளியிடும் கார்பன் எவ்வளவு என்று சொல்லத்தான் வேண்டும். அதையும் முதலீட்டாளர் ஆபத்தை எடைபோடுவதற்காகவே விதி கேட்கிறது.

பாதிக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு கலிஃபோர்னியாவைப் பார்க்கலாம். 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் என்ற பெரிய காப்பீட்டு நிறுவனம், அங்கே புதிய வீட்டுக் காப்பீட்டு விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. காட்டுத்தீ போன்ற பேரிடர் அபாயமும் ஏறிவரும் கட்டுமானச் செலவும் அது சொன்ன காரணங்களில் சில. ஆபத்தைக் கண்டு ஒதுங்கிக்கொண்ட நிறுவனம், அறிக்கையைப் படிக்கும் முதலீட்டாளருக்கு விவேகமாகத் தெரியும். காட்டோரத்து வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. தீயும் அங்கேதான் வரும். ஆபத்து கை மாறியதோடு சரி. அதைச் சுமக்கப்போகிறவருக்கு அந்த அறிக்கையில் ஒரு வரியும் கிடையாது.

இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்கத் துணிந்தது ஐரோப்பிய ஒன்றியம். இரட்டை மெட்டீரியாலிட்டி என்பது இதற்குத் துறையினர் வைத்த பெயர். அப்படிக் கேட்கும் சட்டம் 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. 2025 பிப்ரவரியில், சுமார் 80 சதவீத நிறுவனங்களை அதிலிருந்து விடுவிக்க ஐரோப்பிய ஆணையமே முன்மொழிந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமோ 2024 மார்ச்சில் தான் இயற்றிய பருவநிலை விதிக்காக நீதிமன்றத்தில் வாதாடுவதையே ஓராண்டில் கைவிட்டது. இந்தியாவில் இரண்டு கேள்விகளும் இரண்டு அலுவலகங்களில் இருக்கின்றன. முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 முதல் பங்குச் சந்தை வாரியமான செபி கட்டாயமாக்கிய அறிக்கை, சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் நிறுவனம் செய்வதைக் கேட்கிறது. ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் வெளியிட்ட வரைவின் அக்கறை, வங்கிக்கு வரும் ஆபத்து.

இதற்கெல்லாம் அடியில் காலத்தைப் பற்றிய பழைய தத்துவக் கேள்வி ஒன்று கிடக்கிறது. நூறு ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய் நட்டத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு? ஆண்டுக்கு 5 சதவீதம் தள்ளிப் பார்த்தால் 76 காசு. 2006-இல் நிக்கலஸ் ஸ்டெர்ன் அறிக்கை எடுத்துக்கொண்ட 1.4 சதவீதத்தில் ஏறக்குறைய 25 ரூபாய். சதவீதத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பேரப்பிள்ளைகளுக்கு எவ்வளவு எடை தருவது என்ற தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. அதை வெறும் கணக்காகக் காட்டுவதுதான் தவறு. பிறகு வரும் ஒரே காரணத்துக்காக ஒரு தலைமுறையின் இன்பத்தைக் குறைத்து மதிப்பது அறமாகாது, அது கற்பனை வறட்சி என்று கேம்பிரிட்ஜ் தத்துவவாதி ஃபிராங்க் ராம்ஸி 1928-லேயே வாதிட்டார். அவர் நாத்திகர், 26 வயதில் மறைந்தார். அவருடைய தம்பி மைக்கேல்தான் 1961-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் உச்சப் பதவியான கேன்டர்பரி பேராயர் ஆனவர். இந்த ஒரு விஷயத்தில் கடவுள் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர முடியும்.

திருச்சபையும் மெல்ல வந்து சேர்ந்தது. பாரீஸ் உடன்படிக்கையின் பாதைக்கு வராத எரிபொருள் நிறுவனங்களை 2023-க்குள் விட்டு விலக 2018 ஜூலையில் அதன் பொதுச்சபை வாக்களித்தது. 2022-இல் உயர் நீதிமன்றம், வேறு இரு அறக்கட்டளைகள் தொடுத்த வழக்கில், இப்படிப்பட்ட முதலீடுகளை ஒதுக்கும் உரிமை அறங்காவலர்களுக்கு உண்டு என்றது. வருமான இழப்பையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. எஸ்2 விதி வெளியான அதே 2023 ஜூனில், அதே சர்ச் கமிஷனர்கள் ஷெல், பிபி உள்ளிட்ட பெரிய எண்ணெய் நிறுவனங்களை விலக்குவதாக அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் சசோல் என்ற பெயரும் இருந்தது. நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கத் தென்னாப்பிரிக்க அரசு 1950-இல் தொடங்கிய நிறுவனம் அது. உலகம் எண்ணெய் தர மறுத்த காலத்தில் நிறவெறி ஆட்சியின் வண்டிகளை ஓடவைத்தது.