வைத்தியரை விசாரிப்பவர் யார்?

பறித்த கொழுந்தை நிறுக்கத் தோட்டத்தில் தராசு உண்டு. வைத்தியர் செய்த வேலையை எந்தத் தராசில் நிறுப்பது? நோயாளி அதனை அறியார். பணங்கொடுக்கும் சர்க்காரோ அருகில் இல்லை. இவ்விருவருக்கும் இடையில் நிற்பது வைத்தியரின் மனச்சாட்சி ஒன்றே.

அம்மனச்சாட்சி உறங்கினால் விளைவது யாது? இந்தியாவில் 2008-ல் ஏழைகளுக்கென ராஷ்ட்ரீய சுவாஸ்த்ய பீமா யோஜனா என்னும் இன்ஷூரன்ஸ் திட்டம் தோன்றியது. குடும்பமொன்றுக்கு ஆண்டிற்கு 30,000 ரூபாய் வரையில் ஆஸ்பத்திரிச் செலவு கிடைத்தது. நல்ல ஏற்பாடே. ஆயினும், பீகாரிலும் சத்தீஸ்கரிலும் சில தனியார் ஆஸ்பத்திரிகள் அப்பணத்தை நாடி, அவசியமின்றியே பெண்களின் கருப்பையை அறுத்தெடுத்தன என்ற புகார் 2012-ல் வெளிவந்தது. இத்தகைய சிகிச்சையைக் கண்காணிக்கும் விதிகளை மூன்று மாதத்திற்குள் மேற்கொள்ளுமாறு சுப்ரீம் கோர்ட்டு மாநிலங்களுக்கு ஆணையிட்டது 2023 ஏப்ரலில்! அதற்குள் எத்தனை உடல்கள் ஊனமுற்றனவோ!

நிற்க. ஆஸ்திரேலியாவில் மெடிகேர் என்னும் சர்க்கார் இன்ஷூரன்ஸில் 1994 முதல் வேறொரு முறை நடைபெறுகிறது. பொது வைத்தியர் ஒருவர், நாளொன்றுக்கு 80 அல்லது அதற்கு மேற்பட்ட முறை நோயாளரைப் பார்த்ததாக, ஓராண்டில் 20 நாட்களேனும் கணக்கு அனுப்பினால் அவர் விசாரணைக்கு உள்ளாவார். விசாரிப்போர் குமாஸ்தாக்கள் அல்லர். அவருடைய தொழிலைச் சேர்ந்தோரே. அவர்கள் குறிப்பேடுகளை ஆராய்ந்து, "இச்செயலைத் தொழிலோர் பொதுவாக ஏற்பரா?" என்று கேட்கின்றனர். தவறு நிலைத்தால் கண்டனமுண்டு. பெற்ற பணத்தைத் திருப்பித் தரவும் நேரும். சிலகாலம் திட்டத்தினின்று விலக்கப்படுதலும் உண்டு.

இது நேர்மையான வைத்தியரை அவமதிப்பதாகாதா எனச் சிலர் கேட்பர். வேறு வைத்தியரில்லாத ஊரில் ஒருவரே அனைவரையும் பார்க்க நேரிடலாம். அத்தகைய விசேஷ நிலைமையை எடுத்துக்காட்ட அங்கே சட்டம் இடங்கொடுக்கிறது. எண் கதவைத் தட்டலாம், தீர்ப்புச் சொல்லலாகாது. அதுவே நியாயம்.

தொழிலோர் தம்மவரைக் காப்பாற்றிவிட மாட்டார்களா என்பது மற்றொரு கேள்வி. அவ்வச்சம் பொய்யன்று. ஆகையால், நோயாளியின் வாய்மொழியும் விசாரணையில் இடம்பெற வேண்டுமென்பது என் துணிபு. வலியை அறிந்தவள் அறுக்கப்பட்டவளன்றோ?

பிரிஞ்சாங் மலையில் கிராணி வேலை பார்க்கும் நானும் குற்றமற்றவனல்லேன். நோய்ச்சீட்டு அதிகமாகக் கொண்டுவரும் தொழிலாளியைச் சந்தேகத்தோடு பார்த்திருக்கிறேன். தலைவலிக்கும் முதுகுவலிக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தனுப்பிய கையைச் சந்தேகித்ததில்லை. சந்தேகம் எப்போதும் கீழ்நோக்கியே பாய்கிறது. அதனைச் சற்று மேல்நோக்கித் திருப்புவதே சீர்திருத்தம்.