மலையைக் கேட்டவரும் நாயை விடாதவரும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் பெடர்னல் என்றொரு தட்டையான உச்சியுடைய மலை இருக்கிறது. ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் (1887–1986) அம்மலை தெரியும் வீடொன்றை 1940-இல் வாங்கினார். அம்மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். போதிய அளவு வரைந்துவிட்டால் அதனைத் தமக்கே தந்துவிடுவதாகக் கடவுள் கூறியிருக்கிறார் என்று வேடிக்கையாகச் சொல்வார்.

அப்பாலைவனத்தில் அவருக்குத் துணையாக இருந்தவை சௌ இனத்து நாய்கள். அவற்றைக் 'குட்டி மனிதர்கள்' என்று குறிப்பிடுவார். அவை உதிர்த்த ரோமத்தைச் சேர்த்துவைத்து, ஒரு சால்வையே நெய்வித்துக்கொண்டார்! வீட்டில் நாய் ரோமத்தைக் கூட்டிப் பெருக்கிச் சலித்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். ஆனால் அன்பு உள்ள இடத்தில் எதுவும் குப்பையாவதில்லை. வெயிலில் வெளுத்த எலும்புகளிலும் அவர் சாவைக் காணவில்லை. உயிர்ப்பையே கண்டு வரைந்தார்.

மலையைத் தன்னுடையது என்று கேட்பவன் மனிதன். வாசலில் படுத்திருக்கும் நாயோ எதையும் கேட்பதில்லை. உடனிருப்பதே அதற்குப் போதும்.

மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பர்வத்திலும் பாலையும் நாயும் சேர்ந்தே வருகின்றன. அரசைத் துறந்து புறப்பட்ட பாண்டவர்கள் இமயத்தைக் கடந்து ஒரு மணற்கடலைக் காண்கிறார்கள். ஒரு நாய் அவர்களைத் தொடர்கிறது. திரௌபதியும் தம்பியரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்த பின்பும் அது தருமரைப் பிரியவில்லை. இந்திரன் தேருடன் வந்து, "நாயை விட்டுவிட்டு ஏறு" என்கிறான். நாட்டைத் துறந்தவர், தம்மை நம்பி வந்த நாயைத் துறக்க மறுக்கிறார். அந்த நாயே தருமதேவதை என்பது பிறகுதான் தெரிகிறது.

துறவைப் பற்றி நமக்கொரு மயக்கம் உண்டு. பற்றை விடுவதாக எண்ணிச் சிலர் அன்பை விட்டுவிடுகிறார்கள். அன்பு செய்வதாக எண்ணிச் சிலர் உடைமையைப் பெருக்குகிறார்கள். விடவேண்டியது 'எனது' என்ற எண்ணத்தை. விடக்கூடாதது நம்மை அண்டிய உயிரை.

ஓ'கீஃப் 98 வயதில் மறைந்தார். அவருடைய சாம்பல் பெடர்னல் மலையுச்சியில் தூவப்பட்டது. கடவுள் தம் வாக்கைக் காப்பாற்றினார் போலும். ஆனால் மலை அவருடையதாகவில்லை, அவரே மலையினுடையவர் ஆனார். 'எனது' என்று தொடங்கும் அன்பு, 'நான் உன்னுடையவன்' என்பதில் நிறைவு பெறுகிறது. வாலாட்டி நிற்கும் நாய்க்கு அது முன்பே தெரியும்.