முதியோர்க்குச் செய்யும் கைங்கர்யம்



உத்ஸவ காலத்தில் பல ஊர்களிலிருந்தும் அடியார்கள் எம்பெருமானைச் சேவிக்க வந்து கூடுகிறார்கள். அவர்களுள் பலருடைய இல்லங்களில் வயோதிகத் தாயோ தந்தையோ வாசற்படி தாண்ட இயலாமல் இருப்பார்கள். அவர்களை யாருடைய பொறுப்பில் விட்டு வந்திருக்கிறோம் என்பது சந்நிதிக்கு வருவோர் ஒவ்வொருவரும் சிந்திக்கத்தக்கது.

காஞ்சியில் திருவெஃகாவில் திருமழிசைப்பிரான் எழுந்தருளியிருந்த காலத்தில், ஒரு மூதாட்டி நாள்தோறும் அவ்விடத்தைத் திருவலகிட்டு, மெழுகி, கோலமிட்டு வந்தாள் என்று பெரியோர் கூறுவர். அவளுடைய பக்தியைக் கண்டு உகந்த ஆழ்வார், "வேண்டுவது யாது?" என வினவினார். முதுமை நீங்க வேண்டும் என்றாள். ஆழ்வார் கடாக்ஷித்தருள, அவள் இளமை எய்தினாள்.

அவள் பொன்னையும் பொருளையும் கேட்கவில்லை. முதியோரின் மனத்தை இதிலிருந்து அறியலாம். உணவும் வஸ்திரமும் மருந்தும் அவர்களுக்கு இன்றியமையாதவை. அவற்றோடு, தம்மாலும் ஆவது உண்டு, தம் சொல்லையும் கேட்பார் உண்டு என்ற நினைவும் வேண்டும். பூத்தொடுக்கவும், பேரக்குழந்தைகளுக்குத் திருப்பாவை சொல்லிக்கொடுக்கவும் அவர்களால் இயலும். "பேசாமல் ஒரு மூலையில் இருங்கள்" என்னும் சொல் பசியினும் கொடியது.

பண்டரிபுரத்தில் புண்டரீகன் பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த வேளையில் பகவான் அவன் வாசலில் வந்து நின்றான். பணிவிடையை நடுவில் விட மனமில்லாத புண்டரீகன் ஒரு செங்கல்லை இட்டு, அதன்மீது நிற்கும்படி வேண்டினான். பகவானும் கோபிக்கவில்லை, இடுப்பில் கைகளை வைத்தபடி இன்றளவும் நிற்கிறான். பெற்றோரைப் பேணுமிடத்தில் தான் காத்திருப்பதும் அவனுக்கு உகப்பே.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பாரத தேசத்தில் அறுபது வயது நிறைந்தோர் சுமார் 10 கோடியே 38 லட்சம் பேர். தாய் தந்தையரைத் தெய்வமாகக் கொள்ளும்படி வேதம் விதித்திருந்தும், அரசாங்கம் 2007இல் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பராமரிக்கப்படாத பெற்றோர் அதன்படி ஜீவனாம்சம் கோரலாம். பேணுவதாக நிபந்தனையோடு பெற்ற சொத்தை, பேணாதவனிடமிருந்து மீட்கவும் வழியுண்டு. ஆயினும் சட்டம் சோறு வாங்கித் தரலாம். அன்போடு பரிமாறச் செய்ய அதனால் ஆகாது.

பிழைப்புக்காகத் தூரதேசம் சென்ற மக்களையெல்லாம் குறை கூறுவதும் நியாயமன்று. அவர்களுடைய பெற்றோரை ஊரிலுள்ளோர் பேண வேண்டும். உதவித்தொகைக்கு மனு எழுதித் தருவதும், வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும், மாலையில் சற்று நேரம் உடனிருந்து பேசுவதும் கைங்கர்யமே. முதியோர்க்கு உதவ 14567 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. அறியாதவர்களுக்கு அதை எடுத்துச் சொல்லலாம்.

சேவைக்கு நிற்கும் வரிசையில் முதியோருக்கு முதலில் வழிவிடுக. ஊர் திரும்பும்போது துளசியும் பிரசாதமும் கொண்டு சென்று, வர இயலாத பெரியோர் கையில் கொடுத்து, பெருமாள் புறப்பாடு கண்டருளிய அழகை அவர்கள் அருகில் அமர்ந்து நிதானமாகச் சொல்லுக. அவர்கள் கேட்டு மகிழ்வதே யாத்திரையின் பூர்த்தியாகும்.

எல்லோருக்கும் எம்பெருமான் திருவருளால் ஸர்வ மங்களமும் உண்டாகுக.