கடற்கரையில் சொன்ன பொய்

எரிக் ரோமேரின் ‘மோத் வீட்டில் என் இரவு’ 1969-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். நாயகன் ஜான் லூயி, மிஷ்லேன் டயர் கம்பெனி இஞ்சினியர். பூசை தவறாத கத்தோலிக்கன். கோயிலில் பார்த்த பிரான்சுவாஸைத்தான் கட்டுவது என்று மனசுக்குள் முடிவு. இடையில், விவாகரத்தான டாக்டர் மோத் வீட்டில் ஒரு ராத்திரி தங்க நேர்கிறது. விடியவிடியப் பேச்சு, விடிகாலையில் ஒரு தழுவல். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து மனைவி குழந்தையோடு கடற்கரைக்குப் போனவன் எதிரே மோத் வருகிறாள். அவள் போன பிறகு மனைவியின் முகம் ஒடுங்கிக் கிடக்கிறது. கல்யாணத்துக்கு முன் பிரான்சுவாஸ் பழகிய பெண்டாட்டிக்காரன், மோத்தின் புருஷன்தான்! தனக்கும் மோத்துக்கும் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவன், சட்டென்று மாற்றி, செய்யாத பாவத்தைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான்.

இது பாவமா? கதை நடக்கும் கிளெர்மோன்-ஃபெரான், தத்துவஞானி பாஸ்கல் பிறந்த ஊர். பாதியை மனசில் ஒளித்துப் பேசலாம் என்று சலுகை தந்த சேசு சபைச் சாமியார்களை 1656, 57-இல் எழுதிய கடிதங்களில் நார்நாராகக் கிழித்தவர் அவர். அந்தச் சபையார்தான் எங்கள் புதுச்சேரி மிஷன் வீதியில் சம்பா கோயில் இருக்கும் இடத்தில் முதலில் கோயில் கட்டினார்கள். இன்றுள்ள கட்டடம் 1791-இல் முடிந்தது.

என் சின்ன ஆயா மாசாமாசம் அங்கேதான் பாவசங்கீர்த்தனம் செய்வார். அவர் புருஷன் சைகோனில் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது தெருவுக்கே தெரியும். ஆயாவுக்கு மட்டும் தெரியாது என்று தாத்தா நம்பினார். அவர் கொண்டுவந்த அரக்குப் பெட்டியின் அடியில் ஊசியால் கீறிய ஒரு பெண்ணின் பெயர். ஆயா ஜெபமாலை வைத்திருந்ததே அந்தப் பெட்டியில்தான். யார் பேர் என்று கேட்டேன். பிரெஞ்சு நன்றாகவே படிக்கத் தெரிந்த ஆயா, “கடைக்காரி பேரா இருக்கும்டி” என்றார்.

சாமியாரிடம் சொன்னால் மன்னிப்பு. கட்டினவளிடமும் சொல்லவேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நன்மை தரும் பொய்க்கு வள்ளுவரே இடம் கொடுத்தார் என்பார்கள். யாருக்கு நன்மை என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். தாத்தாவின் மௌனம் தாத்தாவைத்தான் காப்பாற்றியது; பாஸ்கலிடம் அவர் தப்பியிருக்க மாட்டார். ஜான் லூயியின் பொய் சொன்னவன் மேலேயே கரி பூசுகிறது. அதைத் தாத்தாவின் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆயாவின் பொய்யில் தாத்தாவின் மானத்தோடு அவர் மானமும் கொஞ்சம் இருந்திருக்கும். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாரா என்றால், சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.